ஒன்பது டிகிரி வானம்: கேம்களின் ராத்திரியை ராமேஸ்வரத்தில் வைத்துப் பார்த்தால்

கேம் விமர்சனங்களில் ராத்திரி வானத்துக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. "பால்வீதி சூப்பர்" என்று எழுதிவிட்டு வண்டி, துப்பாக்கி என்று நகர்ந்துவிடுவார்கள். உண்மையில் பால்வீதியை ஒட்டுவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் 2009-ல் வெளியிட்ட 80 கோடி பிக்சல் பால்வீதிப் படம் மாதிரி ஒன்றை எடுத்து, ஒரு பெரிய உருண்டையின் உள்பக்கம் ஒட்டினால் முடிந்தது. எந்த நட்சத்திரம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வெளிச்சத்தோடு நிற்கிறது என்பதில்தான் குட்டு உடையும். அதை உடைத்துப் பார்க்க ராமநாதபுரம் கடற்கரை மாதிரி தோதான இடம் குறைவு.

காரணம் அட்சரேகை. ராமேஸ்வரம் வடக்கே 9.28 டிகிரி, கிழக்கே 79.3 டிகிரி. பெரிய கேம்கள் பெரும்பாலும் 35-க்கும் 60-க்கும் இடைப்பட்ட அட்சரேகை ஊர்களில் செய்யப்படுகின்றன. அங்கே துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் நிற்கும். இங்கே கடல்மட்டத்திலிருந்து ஒன்பது டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் உயரம்கூட வராது. தனுஷ்கோடி மணல்திட்டை எடுத்துக்கொண்டால், வடக்கே பெண்கடல் என்னும் பாக் நீரிணைப் பக்கத்துக் கடலின் மேல் துருவம் மங்கலாகக் கிடக்கும். தெற்கே ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடாவின் மேல், மே மாத நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில், திரிசங்கு என்று சொல்லப்படும் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் அடி நட்சத்திரம் கிட்டத்தட்ட 18 டிகிரி உயரத்தில் இருக்கும். ஒரே இரவில் இரண்டையும் காட்டாத கேம், நம் ஊர் வானத்தைக் காட்டவில்லை. (மாலைக்கு மேல் அரிச்சல்முனைக்கு வண்டி விடுவதில்லை; ஒப்பிட்டுப் பார்க்க ஊர்ப்பக்கத்துக் கரைதான் வழி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் கடலில் விளக்கும் குறைவு.)

இன்னும் சில சோதனைகள் உண்டு. செப்டம்பர் முதல் வாரத்தில் இரவு ஒன்பதேகாலுக்கு அண்ணாந்து பார்த்தால் திருவோணம் உச்சந்தலைக்கு நேரே, அரை டிகிரி பிசகாமல் நிற்க வேண்டும். மூன்றாம் பிறை மேற்கே தோணி மாதிரி மல்லாந்து கிடக்க வேண்டும்; ஆங்கில 'சி' எழுத்தை இடவலமாகத் திருப்பியது மாதிரி செங்குத்தாக நின்றால் அது வடக்கத்திக் குளிர்நாட்டுப் பிறை. சூரியன் விழுந்து முழு இருட்டு வர இங்கே 70, 75 நிமிடம் போதும். லண்டன் அட்சரேகையில் மார்ச் மாதத்தில்கூட 110 நிமிடம் ஆகும். நட்சத்திரங்கள் நாளுக்கு 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக உதிக்க வேண்டும். ஆடி வானமும் மார்கழி வானமும் வேறுபடுவது அந்த நாலு நிமிடச் சேமிப்பால்தான்.

முக்கால்வாசி கேம்கள் சறுக்குவது கடல்விளிம்பில். அடிவானத்துக்கு அருகே பார்வை கடக்கும் காற்றின் தடிமன் கூடுகிறது. உச்சியில் இருப்பதை ஒன்று என்று வைத்தால், 9 டிகிரி உயரத்தில் ஆறு மடங்கு, 2 டிகிரியில் ஏறத்தாழ இருபது மடங்கு. உப்பும் ஈரமும் கலந்த கடற்கரைக் காற்றில் ஒரு மடங்குக்கு 0.3 மேக்னிட்யூட் (நட்சத்திர வெளிச்ச அளவு; எண் கூடக்கூட மங்கல்) போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-ம் மேக்னிட்யூட் துருவ நட்சத்திரம் இங்கே 3.9 ஆக மங்கிவிடும். 2 டிகிரி உயரத்துக்கு வந்துவிட்ட எந்த நட்சத்திரமும் ஆறு மேக்னிட்யூட் இழந்திருக்கும். இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமான அகத்தியரே அங்கே கண்ணுக்குச் சிக்காது. ஆகவே கடல் கோட்டைத் தொடும்வரை வைரம் தூவியதுபோல நட்சத்திரம் தெரிந்தால், அங்கே காற்றே இல்லை என்று பொருள். மினுமினுப்பும் அப்படித்தான்: அது கீழ்வானத்துச் சங்கதி. உச்சியில் இருப்பவையும் கோள்களும் ஒரே தாளத்தில் மினுக்கினால் அது தீபாவளி சீரியல் செட்.

இந்த அளவுகோலோடு கேம்களுக்கு வரலாம்.

மைன்கிராஃப்ட்டைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் வானம் கிழக்கிலிருந்து உச்சி வழியாக நேராக மேற்கே உருளுகிறது. அப்படியானால் சுழலும் அச்சு படுத்துக் கிடக்கிறது, துருவம் அடிவானத்தில் இருக்கிறது, அது பூமத்திய ரேகை வானம். ராமேஸ்வரத்துக்கு ஒன்பதே டிகிரி வித்தியாசம்! கோடிகளைக் கொட்டிச் செய்த பல கேம்களைவிட இந்தக் கட்டைப் பெட்டி உலகத்தின் வான அசைவு நமக்கு நெருக்கம். அதோடு பெருமை முடிந்தது. நட்சத்திரங்களை வைக்க 1,500 தடவை தற்செயல் எண் போடுகிறார்கள். 10842 என்ற ஒரே விதை எண் என்பதால் எந்த உலகத்தைத் திறந்தாலும் அதே புள்ளிகள்தான். உருண்டைக்குள் விழாத புள்ளிகள் கழிந்து, மிஞ்சுவது பாதிக்குச் சற்றே மேல். எல்லாம் சதுரம், எல்லாம் வெள்ளை. சூரியனோடு சேர்த்தே கட்டப்பட்டிருப்பதால் அந்த நாலு நிமிடம் கிடையாது. வருடம் முழுக்க ஒரே வானம்.

பெரிய தப்பு நிலா. எட்டுப் பிறைகள் வரைந்திருக்கிறார்கள், ஆனால் நிலாவை எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே வைத்திருக்கிறார்கள். நேர் எதிரே இருந்தால் அது பௌர்ணமி மட்டும்தான். இங்கேயோ அந்தி மயங்கும்போது பிறைநிலா கிழக்கே எழுந்து வருகிறது. கீழக்கரையில் நோன்புப் பிறைக்காக மேற்கே பார்த்து நிற்பவர்களிடம் இதைக் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரவுசிங் சென்டர் காலத்து ஜிடிஏ வைஸ் சிட்டியில் நிலா வெறும் ஒட்டுப்படம். ஸ்னைப்பரால் சுட்டால் அளவு மாறும்; சான் ஆண்ட்ரியாஸிலும் அந்தக் குறும்பு தொடர்ந்தது. நேர்மையான ஏமாற்று. அதில் வானவியல் தேடக்கூடாது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் வரைபடத்தில் பாம்பன் மேல் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்தே பறக்கத் தொடங்கலாம், மேகம் பிரமாதம். நட்சத்திரம் பார்ப்பதற்கென்று மட்டும் அத்தனை பெரிய கோப்பை இறக்க வேண்டாம்.

விமானம் ஓட்டுபவர்களுக்கு எக்ஸ்-பிளேன் 12 நல்ல தேர்வு. நட்சத்திரங்கள் படமாக ஒட்டப்பட்டவை அல்ல. நிறுவிய ஃபோல்டருக்குள் ரிசோர்ஸஸ், அதற்குள் டிஃபால்ட் டேட்டா. அங்கே எர்த் ஆஸ்ட்ரோ என்ற பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு கிடக்கும். ஒரு வரிக்கு ஒரு நட்சத்திரம்: வானத்தில் இடத்தைச் சொல்லும் இரண்டு எண், மேக்னிட்யூட், பெயர். திறந்து படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நிரலின் அடுத்த அப்டேட் உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிட வாய்ப்புண்டு.

சோதிக்கும் வழி இது. மதுரை விமான நிலையம், அதாவது விஓஎம்டி, அங்கே சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தோடு தொடங்குங்கள். தேதி மே 15, உள்ளூர் நேரம் இரவு எட்டேகால். வானிலையில் மேகமில்லாத நிலையைத் தேர்ந்தெடுங்கள். தென்கிழக்காக 115 டிகிரி வாக்கில் மூக்கை வைத்தால் ராமேஸ்வரம் நேர்க்கோட்டில் 147 கிலோமீட்டர். 100 நாட் வேகத்தில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். தீவுக்கு வந்ததும் தெற்கே திரும்பினால் தென்சிலுவை கண்ணாடிக்கு நேரே நிற்க வேண்டும். வடக்கே திரும்பினால் துருவம் கீழே.

நட்சத்திரமே தெரியவில்லை என்றால் தப்பு வானத்தில் இல்லை, காக்பிட்டில். இந்தப் பதிப்பில் கண் இருட்டுக்குப் பழகுவதுபோல ஒளியளவு தானாக மாறும். டாஷ்போர்டு விளக்கு பளிச்சென்று எரிந்தால் நிரல் அதற்கேற்ப வெளிப்பக்கத்தை இருட்டடித்துவிடும். பேனல் விளக்கைக் கடைசிப் புள்ளிவரை குறையுங்கள், தரையிறங்கும் விளக்கை அணையுங்கள். நிஜ விமானியும் இதைத்தான் செய்வார்.

எலீட் டேஞ்சரஸ் வேறு சாதி. 2014-ல் வந்த விண்வெளி கேம், நம் பால்வீதியையே 40,000 கோடி நட்சத்திர அமைப்புகளோடு உண்மை அளவில் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் அட்டவணைகளிலிருந்து எடுத்த நிஜ நட்சத்திரங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வானம் முன்கூட்டித் தீட்டிய படம் அல்ல. கப்பல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடம் தாவும்போது அங்கிருந்து எப்படித் தெரியுமோ அப்படித் திரும்பக் கட்டப்படுகிறது. 8.6 ஒளியாண்டு தள்ளி சிரியஸுக்குப் போய்ப் பாருங்கள். திருவாதிரையும் ரைகலும் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருப்பதால் வேட்டைக்காரன் உருவம் குலையாது. கணக்குப்படி நம் சூரியன் அங்கே 2-ம் மேக்னிட்யூட் புள்ளி, இங்கே துருவ நட்சத்திரம் எந்த அளவோ அந்த அளவு. சூரியக் குடும்பத்துக்குள் நுழைய கேமுக்குள் அனுமதி சம்பாதிக்க வேண்டும் என்பது ஒரு தொல்லை. பூமியில் இறங்கவும் முடியாது, ஆகவே கடற்கரைச் சோதனைகள் எதுவும் இங்கே செல்லாது. குறை என்று சொன்னால் வெளிச்சக் கணக்கு: பக்கத்தில் ஒரு சூரியன் தகிக்கும்போதும் பால்வீதி பளபளவென்று தெரியும். அழகுக்காகச் செய்திருக்கிறார்கள், மன்னிக்கலாம்.

எல்லாவற்றையும் அளக்கும் முழக்கோல் ஒன்று வேண்டுமே, அது ஸ்டெல்லேரியம். கேம் அல்ல, இலவச, திறந்தமூல வானியல் நிரல். கேம் வானத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பக்கத்தில் திறந்து வைப்பது நல்ல பழக்கம். அடிப்படைத் தொகுப்பிலேயே ஆறு லட்சம் நட்சத்திரங்களுக்கு மேல் வருகின்றன. போதாதென்றால் கூடுதல் அட்டவணைகளை இறக்கி 17 கோடிக்கு மேல் போகலாம். வெறும் கண் வானத்துக்கு அது வீண் டேட்டா.

எஃப்6 தட்டி இடத்தை ராமேஸ்வரமாக்குங்கள், பட்டியலில் சிக்காவிட்டால் மேலே சொன்ன எண்களைத் தட்டச்சு செய்யலாம். எஃப்5-ல் தேதி, நேரம். எஃப்4-ல் நிலக்காட்சிப் பக்கம் போய் 'ஓஷன்' தேர்ந்தெடுத்தால் பிரெஞ்சுக் கிராமத்து மரங்கள் போய்க் கடல் வரும். அதே எஃப்4-ல் வளிமண்டல அமைப்பைத் திறந்து, ஒளி மங்கும் கெழுவை 0.3 ஆக்குங்கள், அதை அப்படியே விட்டால் மலையுச்சி வானம் மாதிரி சுத்தமாகத் தெரியும், பாக் நீரிணை ஓரத்து வானம் மாதிரி இருக்காது. ஒளி மாசு அளவையும் ஊர்ப்பக்கத்துக்கு ஏற்றபடி கூட்டுங்கள். சமக்குறி விசையை ஒவ்வொரு தட்டு தட்ட ஒரு நாள் முன்னேறும். நட்சத்திரங்கள் தட்டுக்கு ஒரு டிகிரி மேற்கே நகர்வதைப் பார்க்கலாம், அதுதான் நாலு நிமிடம். இந்திய வான மரபு என்ற தேர்வு இருப்பதால் இருபத்தேழு நட்சத்திரங்களையும் நம் வழக்கப்படி அடையாளம் காணலாம்.

இங்கே எட்டு மணி என்றால் இந்திய நேரம் எட்டு. நம் தீர்க்கரேகை 82.5-க்கு மேற்கே மூன்றேகால் டிகிரி தள்ளி இருப்பதால் எல்லாமே சுமார் 13 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வரும். ஸ்டெல்லேரியம் அதையும் சரியாகக் காட்டுகிறது. கேமில் திருவோணம் 13 நிமிடம் பிசகினால் அவர்கள் தீர்க்கரேகையை மறந்துவிட்டார்கள்.

குறையும் உண்டு. கடல் அசையாது, நட்சத்திரம் தண்ணீரில் விழாது. அமைதியான பெண்கடலில் வெள்ளி கிரகம் இழுக்கும் ஒளிக்கோடு இதில் கிடையாது. சீனரி 3டி என்ற பிளகின் வழியாக நாமே செய்த முப்பரிமாண இடத்துக்குள் நடக்கலாம், ஆனால் மாடலை நாம்தான் கட்ட வேண்டும். சுலபமான வழி: போனில் 360 டிகிரிப் படம் எடுத்து, வானப் பகுதியை முழுக்க அழித்து பிஎன்ஜியாகச் சேமித்து, ஐஎன்ஐ கோப்பில் வகை ஸ்ஃபெரிக்கல் என்று எழுதி, ஜிப் செய்து நிலக்காட்சிப் பட்டியலில் சேர்ப்பது. முதல் தடவை வடக்கு தப்பாகத்தான் வரும். அதே கோப்பில் சுழற்றும் கோணத்தை மாற்றி, துருவம் சரியான மரத்துக்கு மேல் வரும்வரை திருப்புங்கள்.

சொந்தமாக கேம் செய்பவர்களும் மாட் எழுதுபவர்களும் வானப்படத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்பதற்குக் கணக்கே சாட்சி. 8192-க்கு 4096 வானப்படம் சுருக்காமல் 134 எம்பி நினைவகம் தின்னும். ஒரு டிகிரிக்கு 23 பிக்சல்கூட வராது, பார்வையைப் பெரிதாக்கினால் நட்சத்திரம் சோளப்பொரி மாதிரி ஊதும். சுருக்கினால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி நிறக்கட்டங்கள். மாறாக எச்ஒய்ஜி என்ற இலவச அட்டவணையின் ஏறத்தாழ 1,20,000 வரிகளிலிருந்து 6.5 மேக்னிட்யூட் வரை வடிகட்டினால் மிஞ்சுவது சுமார் 9,000. நட்சத்திரத்துக்கு 16 பைட் என்றால் மொத்தம் 144 கேபி. கண்ணுக்குத் தெரியும் வானம் முழுவதும் ஒரு போட்டோ அளவுகூட இல்லை.

வெளிச்சம் என்பது 10-ன் அடுக்கு, அடுக்கில் மைனஸ் 0.4 பெருக்கல் மேக்னிட்யூட். ஒரு மேக்னிட்யூட் குறைந்தால் 2.512 மடங்கு வெளிச்சம். இதை நேராக ஒரு பிக்சலில் வைத்தால் கேமரா அசையும்போது நட்சத்திரம் மினுக்கி மறையும், டிஏஏ வகை (அடுத்தடுத்த பிரேம்களைக் கலக்கும்) மென்மையாக்கல் இருந்தால் அதைத் தூசி என்று நினைத்து அடியோடு துடைத்துவிடும். ஆகவே இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு மெல்லப் பரப்பி, மொத்த ஒளி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நட்சத்திரங்களை டிஏஏ-க்குப் பிறகு வரையுங்கள். நிறத்தை அளவோடு போடுங்கள். திருவாதிரை ஆரஞ்சு, சரி; ஆனால் 3-ம் மேக்னிட்யூட்டைவிட மங்கலானவை கண்ணுக்கு எல்லாமே சாம்பல் வெள்ளைதான்.

நிலாவின் அகலம் அரை டிகிரி. 1080 வரித் திரையில், 60 டிகிரிப் பார்வையில், அது எட்டொன்பது பிக்சல். அதனால்தான் எல்லோரும் நிலாவை ஊதிப் பெரிதாக்குகிறார்கள்; இரண்டு மடங்குவரை கண் ஏமாறும், அதற்கு மேல் போனால் கல்யாண மண்டப விளக்கு. வெளிச்சத்திலும் ஒரு பொறி: அரைநிலா பௌர்ணமியில் பாதி வெளிச்சம் தராது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பிறை வடிவத்தை மட்டும் மாற்றி வெளிச்சத்தைப் பாதியாக்கியிருக்கிறார்களா என்று பார்த்தால் செய்தவரின் சிரத்தை தெரிந்துவிடும்.

திரையையும் சந்தேகிக்க வேண்டும். சிரியஸுக்கும் 6-ம் மேக்னிட்யூட் நட்சத்திரத்துக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். சாதாரண ஐபிஎஸ் மானிட்டரின் கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசமும் அதே ஆயிரம் மடங்கு. ஆக, நல்ல கேமே ஆனாலும் பகலில், ஜன்னல் திறந்த அறையில் மங்கல் நட்சத்திரங்கள் திரையின் சாம்பலில் கரைந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். யூடியூப் வீடியோவை வைத்து எந்த கேமின் வானத்தையும் முடிவு செய்யாதீர்கள்; இருட்டுக் காட்சியில் வீடியோ சுருக்கம் முதலில் விழுங்குவது நட்சத்திரங்களைத்தான்.

கடைசியாக, கட்டி முடித்த வானத்தில் இரண்டு தப்பைத் தேடுங்கள், புதிதாகச் செய்பவர்கள் இரண்டில் ஒன்றையாவது செய்திருப்பார்கள். ஒன்று, கண்ணாடி பிம்பம். உருண்டையை உள்ளிருந்து பார்க்கிறோம் என்பதை மறந்தால் இடம் வலமாகும். வேட்டைக்காரன் கிழக்கே எழும்போது இடுப்பின் மூன்று நட்சத்திரங்கள் நெட்டுக்குத்தாக வர, திருவாதிரை இடப்பக்கம், ரைகல் வலப்பக்கம் இருக்க வேண்டும். மாறி இருந்தால் ஓர் அச்சின் குறியைத் திருப்புங்கள். இரண்டு, நேரம். நட்சத்திர நேரக் கணக்குக்கு உலகப் பொதுநேரம் வேண்டும். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்காமல் அப்படியே கொடுத்தால் வானம் 82.5 டிகிரி முன்னே ஓடிவிடும். உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் சேரும் மார்கழியின் தொடக்கத்தில், நள்ளிரவு பன்னிரண்டேகாலுக்கு, உச்சிக்கு இரண்டு டிகிரி தெற்கே நிற்கவேண்டிய திருவாதிரை, மேற்கே 8 டிகிரியில் மங்கிக் கிடக்கும்.